தரையைத் தொட்டுப் பார்த்த இரவு

இரவு இரண்டு மணி இருக்கும். விழிப்பு வந்ததும் கட்டிலிலிருந்து வலது காலை இறக்கித் தரையைத் தொட்டுப் பார்த்தேன். தரை சில்லென்று இருந்தது, ஈரம் இல்லை. தகரக் கூரைமேல் மூட்டை மூட்டையாக உளுந்தைக் கொட்டுவதுபோல் மழை. காலை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். நான் எங்கே இருக்கிறேன் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. மாத்தேரான். மும்பையிலிருந்து நூறு கிலோமீட்டர்கூட இல்லாத மலை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். இங்கே எந்தச் சாக்கடை எதிர்த்து வரப்போகிறது?

பக்கத்துக் கட்டிலில் ஏதோ அசைந்தது. இருட்டில் உற்றுப் பார்த்தேன். மும்தாஜின் கால் தரையைத் தேடிக்கொண்டிருந்தது.

நாங்கள் நான்கு பேர். செல்வி, மும்தாஜ், ரோஸ்லின், நான். தாராவியில் ஒரே சந்தில் பிறந்து, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இன்று மும்தாஜ் ஒரு மருத்துவமனையில் செவிலியர். ரோஸ்லின் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். நான் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். செல்வி மட்டும் அதே சந்தில், அதே தரைத்தள அறையில், அவள் அம்மா செய்த இட்லி மாவு வியாபாரத்தைத் தொடர்ந்து செய்கிறாள். நான்கு பேரும் வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஓர் இரவு எங்காவது தங்கியதே கிடையாது. 2024 ஜூலையில் அது நடந்தது.

முதலில் லோணாவளா என்றுதான் பேச்சு. ஜூன் 30ஆம் தேதி அங்கே புஷி அணைக்குப் பின்னால் உள்ள அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு ஓடையின் நடுவில் நின்ற அவர்களின் காணொளியை நாடு முழுவதும் பார்த்தது. ரோஸ்லின் அதைப் பார்த்த இரவே, "அருவி இருக்கும் இடம் எதுவும் வேண்டாம். நடக்க மட்டும் ஓர் இடம் சொல்லுங்கள்" என்று செய்தி அனுப்பினாள். மாத்தேரானில் தஸ்தூரி நாக்காவைத் தாண்டிச் சுற்றுலாக்காரர்களின் வாகனம் எதற்கும் அனுமதி இல்லை. நடக்கத்தானே வேண்டும் என்று அதை முடிவு செய்தோம்.

ஜூலை 8ஆம் தேதி, திங்கட்கிழமை, விடிவதற்குள் மும்பையின் பல இடங்களில் ஆறு மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்துவிட்டது. லோக்கல் ரயில்கள் நின்றன. செல்வியின் அறையில் கணுக்கால் வரை தண்ணீர். எங்கள் பயணம் அந்த வாரச் சனிக்கிழமை, ஆடி பிறக்க நான்கே நாள் இருக்கும்போது. "நீங்கள் போய் வாருங்கள், எனக்கு இந்த மழையில் வீட்டைப் போட்டுவிட்டு வர மனம் இல்லை" என்றாள் செல்வி. அவளுடைய கணவர்தான் கையில் பையைக் கொடுத்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்.

செல்வியின் தயக்கத்தைப் புரிந்துகொள்ள 2005க்குப் போக வேண்டும்.

அந்த ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. எங்களுக்குப் பதினேழு வயது. மதியத்துக்கு மேல் பிடித்த மழை நிற்கவே இல்லை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். அதே நாளில் தென்கோடியில் இருக்கும் கொலாபாவில் நூறுகூட இல்லை. இதெல்லாம் பின்னால் செய்தித்தாளில் படித்தது. அன்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மோரியிலிருந்து தண்ணீர் எதிர்த்து வந்தது. பம்பாயில் அறைக்குள்ளேயே குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இருக்கும் மூலைக்கு மோரி என்று பெயர். அதன் ஓட்டை வழியாக முதலில் ஒரு குமிழி வரும். பிறகு கறுப்பாக ஒரு கோடு. அந்தக் கோட்டைக் கண்டதும் சந்து முழுவதும் ஒரே ஓட்டம். அரிசி டின் பீரோ மேல். மெத்தை பரண் மேல். பள்ளிச் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறைக்குள், உறை அம்மாவின் ரவிக்கைக்குள்.

செல்வி வீட்டில் இருந்தது கிரைண்டர். பெரிய கல் கிரைண்டர், தவணையில் வாங்கி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அதன் மோட்டார் கீழ்ப்பக்கம் இருந்தது. செல்வியின் அம்மா வாசலில் நின்று எங்கள் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அதைப் பெஞ்சின் மேல் ஏற்றிவிடப் பார்த்தோம். ஒருமுறை ஒரு சாண் உயரம் எழுந்தது. கை வழுக்கியது. திரும்பவும் முயன்றோம். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபிறகு செல்வியின் அம்மா, "விடுங்கள் பிள்ளைகளே, உங்கள் கால் நசுங்கிவிடும்" என்றார். நாங்கள் விட்டுவிட்டோம். அதற்குள் ஊறிக்கொண்டிருந்த உளுந்துப் பாத்திரம் தானாக மிதந்து வாசலுக்கு வந்தது. அந்த அம்மா அதைத்தான் மடியில் அள்ளிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

அந்தக் கிரைண்டரைப் பற்றி நாங்கள் நால்வரும் பிறகு பேசிக்கொண்டதே இல்லை. பத்தொன்பது ஆண்டுகள்.

சனிக்கிழமை காலை தாதரில் கர்ஜத் லோக்கல் பிடித்தோம். கல்யாணைத் தாண்டியதும் பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. செல்வி கொண்டுவந்த இட்லியை மிளகாய்ப்பொடியோடு பிரித்தோம். பதலாபூருக்கு அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே பச்சை. வயல்களில் நாற்று நடும் பெண்கள் தலையிலிருந்து முதுகு வரை பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியிருந்தார்கள். வாங்கணி நெருங்கும்போது பெட்டியில் இருந்த ஒரு மூதாட்டி ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, இங்கேதான் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் நின்றது என்றார். 2019 ஜூலை 27. கோலாப்பூர் போகும் ரயிலை உல்லாஸ் ஆற்று வெள்ளம் சூழ்ந்துகொள்ள, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகு கொண்டுவந்து மீட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஆறு தெரியவில்லை, வயல் எல்லாமே ஆறுபோல மினுங்கியது. செல்வி இட்லிப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தாள். நேரல் வரும்வரை அவள் பேசவில்லை.

நேரலிலிருந்து மலையேறும் சிறு ரயில் மழைக்காலத்தில் ஓடாது. ஜூன் பாதியில் நிறுத்தினால் அக்டோபரில்தான். அப்துல் ஹுசேன் ஆதம்ஜி பீர்பாய் என்பவர் முன்னின்று கட்டிய பாதை, 1907இல் திறந்தார்கள். இரண்டே அடி அகலத் தண்டவாளம், இருபது கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறுகிறது. உச்சியில் அமன் லாட்ஜ் நிலையத்துக்கும் மாத்தேரானுக்கும் இடையே மட்டும் மழையிலும் வண்டி உண்டு. நாங்கள் ஷேர் டாக்சியில் தஸ்தூரி வரை போய், அங்கே நகராட்சி நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு, தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் நடந்தோம்.

அந்த நடையை மட்டும் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

மண் சிவப்பு. எங்கள் அப்பாவின் ஊர்த் தேரிக்காட்டு மணலின் சிவப்பை விடவும் கூடுதலான, செங்கல்லைக் கரைத்துவிட்டதுபோன்ற சிவப்பு. பாதையில் வழிந்த தண்ணீரும் அதே நிறம். மேகம் மரங்களுக்கு நடுவில் ஆள் உயரத்தில் நின்றது. பத்தடி முன்னால் போன ரோஸ்லின் திடீரென்று மறைவாள். அவள் குடை மட்டும் தெரியும். நீலத் தார்ப்பாய் போர்த்திய குதிரைகள் எதிரில் வந்தன. அவை வருவதற்கு முன்பே குளம்புச் சத்தமும் ஈரச் சாண வாசனையும் வந்தன. கார் சத்தம் இல்லை, ஹாரன் இல்லை. முப்பத்தாறு வயதில் இப்படி ஓர் அமைதிக்குள் நடப்பது எனக்கு முதல்முறை. மும்தாஜ் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு முகத்தை மேலே தூக்கி நடந்தாள். வார்டில் இரவுப் பணி பார்த்துப் பார்த்து அவள் கண்ணுக்குக் கீழே எப்போதும் ஒரு கறுப்பு இருக்கும். அன்று அது எனக்குத் தெரியவில்லை.

தண்டையும் கிளையும் பாசி மூடிய குட்டை மரங்கள் நிறைய. பாரம் தூக்கும் ஒருவரிடம் பெயர் கேட்டேன். அஞ்சனி என்றார். இலையைப் படம் எடுத்து வந்தேன். நம் ஊரில் காயா என்பது அந்த மரம்தான். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடுகிறோமே, அந்த நீலப்பூ. தென்காசிக்காரியான என் அம்மாவுக்கு ஆனி, ஆடி என்றால் குற்றாலச் சாரல். இந்தச் சகியாத்ரியும் அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான். அம்மா பிறந்த ஊரில் சாரல் தூவும் அதே காற்றுதான் எங்கள் சந்தை மூழ்கடிக்கிறது என்று அந்த மரத்தடியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

பாரம் தூக்கும் அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். 2005 ஜூலை மழை இந்தத் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டதாம். கம்பி அந்தரத்தில் தொங்க, அடியில் இருந்த மண் முழுவதும் போய்விட்டது. திரும்பவும் ரயில் ஓட 2007 ஆகிவிட்டது. பாதைக்கு நூறு வயதான ஆண்டு. ரயில் ஓடாத அந்தக் காலத்தில் வேலை இல்லாமல் அவர் கீழே ஒரு செங்கல் சூளையில் இருந்திருக்கிறார். செல்வி அவரிடம், எந்தத் தேதி என்று இந்தியில் கேட்டாள். அவர் மாதத்தையும் தேதியையும் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். கொஞ்ச தூரம் போனபின் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பார்க்க வேண்டிய இடங்கள் என்று எழுதிவைத்திருந்த எதையும் பார்க்க முடியவில்லை. லூயிசா பாயிண்டில் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெள்ளை மட்டும்தான். அரை நிமிடம் மேகம் விலகிப் பிரபல்கட் மலைக்கோட்டையின் தட்டையான தலையும் அதன் விலாவில் தொங்கிய வெள்ளிக் கோடுகளும் தெரிந்தன, மூடிக்கொண்டது. சார்லட் ஏரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஊருக்குக் குடிநீர் தரும் ஏரி அது. வழியும் இடத்தில் பிள்ளைகள் இறங்கிக் குதித்தார்கள். நாங்கள் ரோஸ்லினுக்குக் கொடுத்த வாக்குப்படி தள்ளியே நின்றோம். எலுமிச்சையும் மிளகாய் உப்பும் தேய்த்த சுட்ட சோளம் ஆளுக்கு இரண்டு. இவ்வளவுதான் சுற்றிப் பார்த்தது. எனக்கு அதில் குறையே இல்லை.

தங்கிய வீடு கடைத்தெருவிலிருந்து இறங்கும் சந்தில், செம்புறாங்கல் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தது. வீட்டுக்காரப் பெண்மணியை மௌஷி, அதாவது சித்தி என்று கூப்பிட்டோம். ஐம்பது வயது இருக்கும். பிட்லா என்ற கடலைமாவுக் குழம்பும் அரிசி பாக்ரி ரொட்டியும் பச்சைமிளகாய்த் தொக்கும் செய்து போட்டார். அவர் பிறந்த வீடு மலைச் சரிவில் ஒரு வாடியில். இந்தச் சரிவுகளில் இருக்கும் சிற்றூர்களை வாடி என்பார்கள். அங்கிருந்து பெண்கள் தினமும் விறகும் கீரையும் சுமந்து மேலே ஏறி வருகிறார்கள்.

இப்போது இரவு இரண்டு மணிக்குத் திரும்புகிறேன்.

மும்தாஜின் காலைப் பார்த்ததும், "காய்ந்துதான் இருக்கிறது. நான் பார்த்துவிட்டேன்" என்றேன். ஜன்னல் பக்கமிருந்து ரோஸ்லின், "நானும் பார்த்தேன்" என்றாள். எங்கள் இருவருடைய குடும்பங்களுக்கும் மறுகுடியமர்வுக் கட்டடத்தில் வீடு கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் இருப்பது ஏழாவது மாடி. அங்கே நான் ஒருநாளும் தரையைத் தொட்டுப் பார்த்ததில்லை. பழக்கம் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். தரையோடு தரையாக ஓர் அறை, மேலே மழை. அவ்வளவு போதுமாக இருந்தது, கால் தானாக இறங்க.

செல்வியின் கட்டில் காலியாக இருந்தது.

திண்ணையில் மௌஷியோடு உட்கார்ந்திருந்தாள். கையில் கைபேசி. அவள் கணவர் எடுக்கவில்லை. "கிரைண்டர் மேடை மேல்தான் இருக்கிறது. மூன்றடி சிமென்ட் மேடை. எதுவும் ஆகாது. எனக்குத் தெரியும்" என்றாள். தெரிந்தும் மூன்றாவது முறையாக எண்ணை அழுத்தினாள். நாங்கள் மூவரும் போர்வையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தோம். அப்போதுதான் மும்தாஜ் சொன்னாள்: "அன்றைக்குக் கையை விட்டது நான்தான்."

யாருக்கும் எந்த நாள் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இல்லை, என் பக்கம்தான் வழுக்கியது" என்றாள் ரோஸ்லின். நானும் பத்தொன்பது ஆண்டுகளாக என் கைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செல்வி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மா சாகும்வரை உங்களைப் பற்றித்தான் சொல்வார். நாலு பிள்ளைகளும் இடுப்பு ஒடியத் தூக்கின என்று. அந்தக் கிரைண்டரின் எடை என்ன தெரியுமா? மறுநாள் ஆறு ஆண்கள் சேர்ந்துதான் புரட்டினார்கள்."

எங்கள் தமிழ் மௌஷிக்குப் புரியாது. ஆனால் அவர், "வீட்டுக்குத் தண்ணீர் வருமா?" என்று மராத்தியில் கேட்டார். வரும் என்று சொன்னோம். அவர் தெற்குப் பக்கமாக இருட்டில் கை காட்டினார். அந்தத் திசையில்தான் இர்ஷால்கட் மலை. 2023 ஜூலை 19 இரவு, எல்லாரும் படுத்தபிறகு, அதன் அடிவாரச் சரிவில் இருந்த இர்ஷால்வாடிமேல் மலை இறங்கியது. 27 உடல்கள் கிடைத்தன. 57 பேர் கிடைக்கவே இல்லை. நான்கு நாளில் தேடுவதை நிறுத்தினார்கள். மண் அள்ளும் இயந்திரம் ஏற அங்கே சாலை கிடையாது. மண்வெட்டியாலும் கையாலும்தான் தோண்டினார்கள். மௌஷியின் உறவுக்காரப் பெண் ஒருத்தி அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

"மழைச் சத்தம் எனக்குப் பயமில்லை" என்றார் மௌஷி. "அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓடை. இவ்வளவு மழையில் அதன் சத்தம் திடீரென்று குறைந்தால்தான் பயம். மேலே எங்கோ மண் சரிந்து தண்ணீரை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்குக் காது மந்தம். அதனால் நான் இரவில் போன் செய்து, போனை ஜன்னலில் வை என்பேன். இங்கிருந்தே ஓடையைக் கேட்டுக்கொள்வேன்."

அன்றும் கேட்டார். ஒலிபெருக்கியை அழுத்தி எங்கள் நடுவில் வைத்தார். கரகரப்புக்கு அடியில், நீர் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. ஐந்து பெண்கள் குனிந்து ஓர் ஓடையைக் கேட்டோம். போதும் என்று தோன்றியபோது அவர், "ஆயி, தூங்கு" என்று கத்திச் சொல்லிவிட்டு வைத்தார்.

மூன்றரைக்குச் செல்வியின் கணவர் திரும்ப அழைத்தார். வாசல்படி வரை வந்து நின்றிருக்கிறது, உள்ளே வரவில்லை, நீ தூங்கு என்றார். அவள் தூங்கினாள். காலை ஒன்பது மணிவரை அசையாமல் தூங்கினாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளைத் தெரியும். மழையில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் மூவருக்கும் எழுந்து நடக்க ஆசைதான். தாழ்ப்பாள் சத்தம் கேட்டுவிடும் என்று அப்படியே படுத்திருந்து கூரையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். தூக்கிவைக்க எதுவும் இல்லாத மழை. அதை எப்படிக் கேட்பது என்பதே முதலில் பிடிபடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது: கூரையில் ஒரு சத்தம், இலையில் ஒரு சத்தம், வாசலில் கவிழ்த்துவைத்த அண்டாவில் ஒரு சத்தம்.

கிளம்பும்போது மௌஷி பணத்தை எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டார். செல்வி தன் பையிலிருந்த மிளகாய்ப்பொடி டப்பாவை அவர் கையில் வைத்தாள். அமன் லாட்ஜ் வரை அந்தச் சின்ன ரயிலில் வந்தோம். முழங்கால்கள் எதிர்ப்பெஞ்சில் இடிக்கும் அளவுக்குச் சின்னது. நேரலில் லோக்கல் தாமதம். தாதர் வந்து சேர ஐந்து மணி.

அவரவர் வீட்டுக்குப் பிரிய வேண்டிய இடம். யாரும் பிரியவில்லை. நால்வரும் செல்வியின் சந்துக்குப் போனோம். வாசல்படியில் சேறு ஒரு விரல் கனம் படிந்திருந்தது. அவள் கணவர் மதியமே அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டுவைத்திருந்தார். ரோஸ்லின் துடைப்பத்தை எடுத்தாள். நானும் மும்தாஜும் மோரியில் உட்கார்ந்து உளுந்தைக் களைந்தோம். செல்வி மேடைமேல் ஏறிக் கல்லைத் துடைத்து, முதல் படி உளுந்தைப் போட்டு, ஸ்விட்சை அழுத்தினாள்.